முன் சீட்டுக்காரி

கல்லூரி பஸ்ஸை ஓட்டியவருக்கு எந்த உயரத்தையும் அடி, அங்குலத்தில் சொல்ல வராது. எல்லாம் பஸ் கணக்குத்தான். மச்சான் புதிதாகக் கட்டிய மாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம பஸ்ஸை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி இருக்கு" என்றார். கடைத்தெருச் சந்து எவ்வளவு அகலம் என்று கேட்டால், "ஒரு பஸ்ஸும் ஒரு சைக்கிளும் போலாம். சைக்கிள்காரன் மட்டும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கணும்" என்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, மனைவி உள்ளே இருந்தபடியே கேட்பாள்.

"எப்படி இருக்கு?"

"படி உயரம் வந்துடுச்சு" என்றார் முதல் வருஷம். பிறகு, "ஜன்னலைத் தொடுது." அதற்கும் பிறகு, "சைடு கண்ணாடியைத் தாண்டிடுச்சு." போன மழைக்காலம் முடிந்தபோது, "கூரைக்கு மேல போயிடுச்சு. அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கு" என்றார்.

அவள் "ம்" என்பாள். அத்துடன் பேச்சு முடிந்தது. அவள் ஒரு தையல் கூடத்தில் காஜா எடுப்பவள். நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் கண் சிவந்து வருபவள். அந்த மரத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வாயேன் என்று இவர் கூப்பிட்டதில்லை. கூட்டிப் போங்கள் என்று அவளும் கேட்டதில்லை.

மரம் நின்ற இடம், ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி. அங்கே இப்போது யாரும் கல் உடைப்பதில்லை. உடைக்க வேண்டியதை உடைத்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஒரு பெரிய பள்ளத்தையும் அதைச் சுற்றிக் கல்தூள் மேடுகளையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெயில் காலத்தில் மேட்டிலிருந்து கிளம்பும் வெள்ளைத் தூசி, பக்கத்து வீடுகளில் காயும் துணியில் போய் உட்காரும். புல்கூட எட்டிப் பார்க்காத அந்த மேட்டை மறுபடியும் மண்ணாக்கும் வேலையை ஒரு சிறிய அமைப்பு எடுத்திருந்தது. சம்பளத்துக்கு ஆள் வைக்க அவர்களுக்கு வசதியில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் கல்லூரிப் பிள்ளைகள் போனார்கள். கூடையில் மண் சுமந்தார்கள், கடப்பாரையால் குழி போட்டார்கள், கேனில் தண்ணீர் தூக்கி ஊற்றினார்கள். அவர்களை ஏற்றிப் போய் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டு வருவது ஓட்டுநரின் வேலை.

அத்தனை பிள்ளைகளின் பெயரை மனதில் வைத்துக்கொள்ள அவரால் ஆகாது. ஏறி உட்கார்ந்ததும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். ஓயாமல் பேசுகிற பையன் 'ரேடியோ'. பஸ் நகர்ந்ததும் தூங்கிவிடுகிற ஒருத்தன் 'தலைகாணி'. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத முதலாண்டுப் பெண்ணுக்கு 'வாலு'. பிள்ளைகளும் விட்டுக்கொடுப்பதில்லை.

"அண்ணா, உங்க வண்டியை ஒரு எருமை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது, பாருங்க!"

"அதுக்கு அவசரம், போகுது. அதுவும் உங்களை மாதிரி பரீட்சைக்குப் படிக்காம வந்திருக்கும்."

குவாரிக்குச் சற்று முன்னால், லாரி பட்டறையை ஒட்டி ஒரு வேகத்தடை இருந்தது. போட்டவன் ரோடு போடுகிறேன் என்று சுவர் எழுப்பிவிட்டான் என்பார் ஓட்டுநர். அதில் பஸ் ஏறி இறங்கும்போது, மொத்தப் பிள்ளைகளும் சீட்டிலிருந்து எம்பி, "ஓஓஓய்!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். பட்டறைக்காரர்கள் ஸ்பானரைத் தூக்கிக் காட்டுவார்கள். தலைகாணிகூட அந்த ஒரு நொடிக்கு விழித்துக் கத்திவிட்டு மறுபடி தூங்கிப் போவான். இது அந்த பஸ்ஸின் வழக்கம். எப்போது, யார் ஆரம்பித்தது என்று யாரும் கேட்டதில்லை. முன்னால் வந்தவர்கள் கத்தினார்கள், பின்னால் வந்தவர்களும் கத்தினார்கள்.

ஆரம்பித்தவள் அவருடைய மகள். இப்போது பஸ்ஸில் வருகிற ஒருவருக்கும் அது தெரியாது. அவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே தெரியாது. ஓட்டுநர் இருக்கைக்கு இடப்பக்கம், இன்ஜின் மூடியை ஒட்டிய ஒற்றைச் சீட்டில் எப்போதும் அவருடைய சாப்பாட்டுப் பை இருக்கும். அதில் யாரும் உட்கார்வதில்லை. அது டிரைவர் அண்ணன் பையின் சீட்டு என்று கேலி பேசிவிட்டுப் பின்னால் போய்விடுவார்கள்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று ஓட்டுநர் பஸ்ஸைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய பஸ்ஸை. தான் ஓட்டுகிற பஸ்ஸிலேயே தன் பெண் படிக்கப் போகிறாள் என்பது அவருக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. ஆனாலும் முதல் நாள் காலை, தெருமுனையில் நின்று சொன்னார்:

"பஸ்ல என்னை அப்பான்னு கூப்பிடாத."

"ஏன்?"

"கூப்பிடாதன்னா கூப்பிடாத."

காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் அலுவலக உதவியாளரின் மகன் ஒருவன் அதே பஸ்ஸில் வந்தான். கல்லூரி மணி அடிக்கத் தாமதமானால், "டேய், உங்கப்பா டீ குடிக்கப் போயிட்டாரு போல, நீ போய் அடிச்சுட்டு வா" என்று அவனைச் சீண்டுவார்கள். அவனும் சிரிப்பான். அவன் சிரிக்கிற முகத்தை ஓட்டுநர் உள் கண்ணாடியில் தினமும் பார்த்தார். ஒருநாள் அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. முதன்முதலாகப் படிக்க வருகிற பிள்ளையின் முதுகில் புத்தகப்பை மட்டுமா இருக்கிறது? அப்பனின் வேலையும் சேர்ந்துதான் தொங்குகிறது. அந்தப் பாரத்தையாவது இறக்கி வைத்துவிடலாம் என்று அவர் நினைத்தார்.

மகள் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவிடம் மட்டும், "நான் என்ன தூக்கிட்டு வந்த பிள்ளையா?" என்று கேட்டாளாம். பிறகு ஒரு காலை, படியில் ஒரு கால் வைத்து நின்றுகொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"குட்மார்னிங் டிரைவர் சார். பிரேக் எல்லாம் பிடிக்குமா? எங்கப்பா ரொம்ப பயந்த ஆளு. கேட்டுட்டுத்தான் ஏறணும்னு சொல்லி அனுப்பினாரு."

அவருக்கு வியர்த்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, "உங்கப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?" என்றார்.

"தெரிஞ்ச மாதிரி பேசுவாரு சார்."

பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அது அவர்கள் இருவருக்குமான விளையாட்டானது. எங்கப்பா குறட்டை விட்டா பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவுது சார். எங்கப்பாவுக்குக் கணக்கு வராது சார், வீட்டுக்கே பஸ்ஸை வெச்சு அளவு எடுக்கிறாரு. அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார். எல்லாருக்கும் பேர் வைத்தீர்களே, எனக்கு என்ன பேர் என்று ஒருநாள் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "நீ முன் சீட்டுக்காரி" என்றார். இன்ஜின் மூடிமேல் முட்டியை மடக்கி வைத்து, முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி வருவாள். வேகத்தடை வரும்போது முதலில் தெரிவது அவளுக்குத்தான். அப்படித்தான் கத்த ஆரம்பித்தாள்.

குவாரி மேட்டில் முதல் வரிசைக் கன்றுகளை நட்டது அவளுடைய வகுப்புதான். ஓட்டுநர் பஸ்ஸை விட்டு இறங்கும் வழக்கம் கிடையாது. அன்றைக்கு மேட்டின் மேலிருந்து அவள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"டிரைவர் சார், ஒரு கை குடுங்களேன். கன்னு சாயுது, ஒத்தையா முடியல."

அவர் ஏறிப் போனார். கன்றின் கழுத்தை இரண்டு விரலால் நேராகப் பிடித்துக்கொண்டார். அவள் மண்ணைத் தள்ளி, இரண்டு உள்ளங்கையாலும் சுற்றிலும் அமுக்கினாள். "இப்ப விடுங்க. தானா நிக்குதான்னு பார்ப்போம்" என்றாள். விட்டார். நின்றது. அவள் குனிந்தபடியே, மிக மெல்ல, "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

அந்த பஸ்ஸைச் சேர்ந்த உலகத்தில் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று அவர் சட்டென்று சுற்றிலும் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்ததை அவள் பார்த்தாள். பிறகு அந்தத் திரும்பலை நினைத்து அவர் எத்தனையோ நாள் சாப்பாட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்தினார்கள். அதற்கும் பிறகு அவர்கள் எதுவும் சொல்லாமல் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்தார்கள்.

அவளோடு படித்த பெண்கள் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் ஓட்டுநர் நிற்பதைப் பார்த்து, ஒருத்தி அழுகைக்கு நடுவே கேட்டாள்.

"அண்ணா, நீங்க எப்ப வந்தீங்க? பஸ் எங்க நிக்குது?"

"பஸ் வரலம்மா" என்றார் அவர்.

அதற்குள் மச்சான் உள்ளிருந்து வந்து அவர் தோளைப் பிடித்து, "மாமா, உள்ள வாங்க, பாப்பாவைத் தூக்கப் போறாங்க" என்றார். அந்தப் பெண்களின் முகம் மாறியதை ஓட்டுநர் பார்த்தார். இரண்டு வருஷம் எங்கப்பா எங்கப்பா என்று அவள் சொன்ன கதைக்கெல்லாம் இந்த ஆளைப் பார்த்துக்கொண்டே சிரித்திருக்கிறோம் என்று ஒவ்வொருத்தியாக அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தார்கள்.

கல்லூரி திறந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும்போது தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள். யாரும் எருமையைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேகத்தடை வந்தபோது அவர்கள் வாயே திறக்கவில்லை. பின் வரிசையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்தான் முன்வருஷம் வந்த யாரிடமோ கேள்விப்பட்டதை வைத்து, ஒன்றும் தெரியாமல் "ஓஓஓய்!" என்று கத்தினார்கள். அந்த ஒரு கத்தலில்தான் அவர் அந்த வருஷத்தை ஓட்டினார். தெரிந்தவர்கள் படிப்பு முடித்துப் போனார்கள். தெரியாதவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பஸ் மறுபடி பழைய பஸ் ஆனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது என்று வைத்திருந்தார்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட உட்காரும் நேரத்தில், சிறுநீர் கழிக்கப் போகிறவர்போல மேட்டைச் சுற்றிக்கொண்டு போய் மரத்தைப் பார்த்துவிட்டு வருவார். வெடித்த பாறைக்கு எதிரே, வரிசையின் ஓரத்து மரம். போகிற அவசரத்தைப் பார்த்து ரேடியோ, "அண்ணாவுக்குச் சக்கரை இருக்கும்டா, டெஸ்ட் எடுக்கச் சொல்லணும்" என்பான்.

அந்தச் சனிக்கிழமையும் வேகத்தடையில் கத்திவிட்டுத்தான் போனார்கள். குவாரி வாசலில் அமைப்பின் மேற்பார்வையாளர் காத்திருந்தார். வெயிலோ நிழலோ தொப்பியைக் கழற்றாதவர். பஸ்ஸின் படியில் ஏறி நின்றே பேசினார்.

"இன்னைக்கு நடுற வேலை இல்ல. வெட்டுற வேலை."

"ஹை!" என்றாள் வாலு.

"முதல்ல கேளுங்க. இது வெறும் கல்தூளா இருந்தப்ப, எதை வெச்சாலும் கருகிப் போச்சு. அதனால சீக்கிரம் வளர்ற மரமா வெச்சோம். அது நிழல் குடுக்கும், சருகு போடும், அடியில கொஞ்சம் மண்ணு சேரும். அந்த நிழல்ல, இந்த மண்ணுக்கே உரிய மரங்களோட கன்னு வெச்சோம். முதல்ல வெச்சதுக்குப் பேரு செவிலி மரம். அதோட வேலை முடிஞ்சது. இனி அது நின்னா, அடியில இருக்கிறதுக்கு வெளிச்சம் கிடைக்காது. சிவப்புத் துணி கட்டினதை மட்டும் அறுங்க. அறுத்ததும் அடிக்கட்டையில பட்டையை உரிச்சிடணும். இல்லன்னா மறுபடி துளிர்க்கும்."

"சார், நட்டதும் நாங்க, வெட்டுறதும் நாங்கன்னா ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்றான் ரேடியோ.

"நட்டது நீங்க இல்லப்பா. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க."

"அவங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

"அவங்க எல்லாம் வேலை, கல்யாணம்னு எங்கெங்கயோ இருப்பாங்க. இந்த மரத்தை ஞாபகம்கூட இருக்காது" என்று தொப்பிக்காரர் சிரித்தார்.

ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் இருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் கைரம்பம் வாங்க வரிசையில் நின்றபோது, அவர் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே மேட்டுப் பக்கம் நடந்தார். வெடித்த பாறைக்கு எதிரே மரம் நின்றது. இடுப்பு உயரத்தில் சிவப்புத் துணி. அடியில், அவர் இத்தனை நாள் கவனித்தே பார்க்காத ஒரு மெல்லிய கன்று, வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாக வளைந்து நின்றது. அவர் துணியின் முடிச்சைத் தொட்டார். ஒரு முனையை இழுத்தார். இளகியது. இன்னொரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிராது.

"என்ன டிரைவர், அவுந்துடுச்சா?" தொப்பிக்காரர் பின்னால் வந்து நின்றார். "காத்துக்கு அவுந்துடுது. நல்ல வேளை பார்த்தீங்க." அவரே துணியை வாங்கி, இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினார். "ஏதாவது சொல்லணுமா?"

சொல்லலாம். இதோ சொல்லிவிடலாம்.

"வண்டியை... வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தட்டும்னு கேட்க வந்தேன்."

"எப்பவும் நிறுத்துற இடம்தான்" என்றார் தொப்பிக்காரர், ஆச்சரியமாக.

பஸ்ஸில் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ரம்பச் சத்தம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஒரு மரத்தை விட்டுவிடுவார்கள். தொப்பிக்காரர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மரத்தைக் கேட்க வேண்டுமென்றால், ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இன்றைக்கு மாலையே பஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். இனி ரேடியோ அவரைப் பார்த்து எருமை என்று வாயெடுக்க மாட்டான். வாலு தலையைக் குனிந்துகொண்டு ஏறுவாள். வேகத்தடையில் யாரும் கத்த மாட்டார்கள். மேட்டில் நிற்பதும் அவள் வைத்ததுதான், பஸ்ஸில் கேட்பதும் அவள் வைத்ததுதான். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போய்விடும்.

மத்தியானம் வாலு பஸ்ஸுக்கு ஓடி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொப்புளம் உடைந்து தோல் கிழிந்திருந்தது.

"அண்ணா, துணி ஏதாவது இருக்கா? சுத்திக்கணும்."

அவர் முதலுதவிப் பெட்டியைத் திறந்து கட்டு போட்டுவிட்டார்.

"எங்கப்பா விறகுக்கடையில வேலை செய்றாரு. இதைப் பார்த்தா, இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பினேனான்னு சிரிப்பாரு" என்றாள் அவள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! எங்கப்பா விறகுக்கடையில வேலை செய்றாரு. பின்னால் நின்ற ரேடியோ காதிலும் விழுந்தது. அவன், "அப்ப உனக்கு ரெண்டு ரம்பம் குடுக்கச் சொல்றேன்" என்றதோடு சரி. ஒன்றும் ஆகிவிடவில்லை.

அவள் ஓடிப்போன பிறகும் ஓட்டுநர் கட்டுத்துணி உருளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தே எழுந்தார். மேட்டில் ஏற ஏற வேகம் கூடியது. தொப்பிக்காரரைத் தேடினார், அவர் பள்ளத்தின் மறுகரையில் இருந்தார். கூப்பிடு தூரம் இல்லை. பாறைப் பக்கமிருந்து ரம்பம் இழுபடும் சத்தம் வந்தது.

வாலு மண்டியிட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். ரம்பம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டிருந்தது. பச்சைத் தூள் அவள் மடியில் கொட்டிக் கிடந்தது.

"அண்ணா! கரெக்டா வந்தீங்க. ஒரு கை குடுங்களேன். அந்தக் கன்னு மேல சாயுது, ஒத்தையா முடியல."

அவர் நின்றார். பிறகு போய் மரத்தைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு இரண்டு விரலுக்குள் அடங்கியது, இப்போது இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ரம்பம் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் உள்ளங்கையில் அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப விடுங்கண்ணா. அந்தப் பக்கமா."

அவர் விடவில்லை. அதன் பாரத்தை மார்பில் வாங்கி, கன்றின் மேல் ஒரு இலைகூடப் படாமல் பின்னால் நடந்து நடந்து, கல்தூளின் மேல் மெல்லக் கிடத்தினார். கிடத்திய பிறகும் கை அங்கேயே இருந்தது.

வாலு கத்தியை எடுத்து, அடிக்கட்டையில் பட்டையை உரிக்கக் குனிந்தாள்.

"அதை மட்டும் விட்டுடும்மா."

"சார் உரிக்கச் சொன்னாரே. துளிர்த்துடுமாம்."

"தெரியும். விட்டுடு. என் பொண்ணு வெச்சதும்மா இது. இதே பஸ்லதான் வந்துட்டிருந்தா. இப்ப இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். வாலு கத்தியைக் கீழே வைத்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், மடியில் கிடந்த தூளைப் பார்த்தாள். அதைத் தட்டிவிடவும் தெரியாமல், எழுந்திருக்கவும் தெரியாமல் அப்படியே இருந்தாள். அவள் தலை குனிந்ததை அவர் பார்த்தார்.

திரும்பும்போது பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது. ரேடியோ ஏறும்போது, "மன்னிச்சுக்குங்கண்ணா" என்றான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. தலைகாணி தூங்கவில்லை. வேகத்தடை வந்தது. பஸ் ஏறி இறங்கியது. கடைசி ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. பட்டறைக்காரர் ஒருவர் ஸ்பானரைத் தூக்கியவர், ஏன் என்று புரியாமல் கையை இறக்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"எப்படி இருக்கு?"

பொய் சொல்வதற்கு வாயைத் திறந்தார். கூரைக்கு மேல என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். வரவில்லை.

"வெட்டிட்டாங்க. நானும் பிடிச்சுக்கிட்டேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். தொப்பிக்காரர் போட்ட முடிச்சை, வண்டியை எங்கே நிறுத்தட்டும் என்று கேட்டதை, எதையும் விடாமல்.

"அறுத்தது யாரு?"

"ஒரு பொண்ணு. முதல் வருஷம்."

"கை காச்சுப்போச்சா?"

"கொப்புளம் உடைஞ்சு ரத்தம்."

அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். ஊசி பட்டுப் பட்டுக் கெட்டியான விரல்கள். "பாப்பாவுக்கும் மொத நாள் அப்படித்தான் ஆச்சு. நான்தான் மருந்து போட்டேன்" என்றாள். பிறகு, "நம்ம பொண்ணுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இப்பவாவது சொன்னீங்களே."

அதில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை அவள் தையல் கூடத்துக்குப் போகவில்லை. காலையில் அவருக்கு முன்னாலேயே தெருமுனைக்குப் போய் நின்றாள். "மரத்தைத்தான் பார்க்கல. அடிக்கட்டையையாவது பார்க்கிறேன்" என்றாள். கல்லூரி வாசலில் பஸ்ஸின் முன்படியில் ஏறி, ஒற்றைச் சீட்டில் கிடந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அவளைப் பார்த்ததும் யாரென்று புரிந்து, சத்தமில்லாமல் பின்னால் போனார்கள். அவள் வாலுவைக் கட்டுத்துணியை வைத்து அடையாளம் கண்டு, கையை இழுத்துப் பார்த்து, புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த சின்ன மருந்து டப்பாவை அதில் வைத்தாள்.

பஸ் கிளம்பியது. கடைத்தெரு போனது. எருமை ஒன்று நிதானமாக முந்திக்கொண்டு போனது. ஒருவரும் பேசவில்லை.

"பாப்பா இதுல எப்படி உக்காருவா?" என்று அவள் கேட்டாள்.

"முட்டியை மடக்கி அந்த மூடி மேல வெச்சுக்குவா."

அவள் சீட்டிலிருந்து கொஞ்சம் நகர்ந்து, இன்ஜின் மூடிமேல் கையை வைத்தாள். சூடாக இருந்தது. எடுக்கவில்லை.

பின்னாலிருந்து வாலுவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அண்ணா... எங்க எல்லாருக்கும் பேர் வெச்சீங்களே. அக்காவுக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க?"

மனைவியும் திரும்பி அவரைப் பார்த்தாள். அது அவளுக்கும் தெரியாது. அந்தப் பேர் இந்த பஸ்ஸை விட்டு வெளியே வந்ததே இல்லை.

"முன் சீட்டுக்காரி" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

லாரி பட்டறை வந்தது. வேகத்தடை தெரிந்ததும் அவர், யாரும் குலுங்கக் கூடாது என்பதுபோல, பஸ்ஸை ஊர்ந்து போக விட்டார். முன் சக்கரம் ஏறியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இங்கதானே?" என்றாள். அவர் தலையசைத்தார். பின் சக்கரம் ஏறியபோது அவள் வாயைத் திறந்தாள். பழக்கமில்லாத, பிசிறடித்த, பக்கத்திலிருந்தவருக்கு மட்டும் கேட்கிற ஒரு "ஓய்."

பஸ் இறங்கி, சமதளத்துக்கு வந்து, பட்டறையையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகு, நேரம் தப்பி, பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் கத்தியது. வாலுவின் குரல். முடிக்க முடியாமல் பாதியில் உடைந்தது.

அவர் கியரை மாற்றிக்கொண்டு குவாரி வாசலுக்குள் திரும்பினார்.